பொரி, வான்கோழி, ஒரு பெயர்ப் பட்டியல்

போன நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். மகள் அலுவலகத்திலிருந்து வந்தாள். பாலவாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அவள் அலுவலகத்துக்கும் நேர்கோடு போட்டால் தூரம் கொஞ்சம்தான். நடுவில் பக்கிங்காம் கால்வாய் கிடப்பதால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் வரும்போதே களைத்துப் போய்த்தான் வருவாள். அன்றைக்கு என்னவோ முகத்தில் சிரிப்பு. கையில் காகிதத்தில் வெட்டி வண்ணம் தீட்டிய ஒரு பறவை.

"என்னம்மா இது, மயிலா?" என்றேன்.

"வான்கோழிப்பா. இன்னைக்கு ஆபீஸ்ல தேங்க்ஸ்கிவிங்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொங்கல் வைக்கிற ஊரில் வான்கோழிக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர்கள் வேலை செய்து கொடுப்பது ஓர் அமெரிக்கக் கடைத்தொகுப்புக்கு. அன்றைக்கு அங்கே எல்லோருக்கும் விடுமுறை. மறுநாள்தான் அவர்களுடைய பெரிய வியாபார நாள்; நம் தி. நகரில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாதிரி. அதனால் சில நாட்களுக்கு முன்பிருந்தே கணினி நிரலில் யாரும் கை வைக்கக் கூடாது என்று பூட்டிவிடுவார்களாம். வியாழன் மாலை, அதாவது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை எட்டரை ஆகும்போது இங்கே இரவு ஏழு, வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். இருபது பேர் கூடி பிரியாணியும் சிக்கன் 65-ம் வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். சுவரில் ஒரு பலகை வைத்து, ஆளுக்கொரு சின்னச் சீட்டில் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் கேலி செய்ததை அப்போதே விட்டிருக்க வேண்டும். அப்படியே படுத்தும் விட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி நன்றி சொல்வது நமக்கு என்ன புதிதா? முப்பது வருஷத்துக்கு மேல் வருஷம் தவறாமல் நானும் செய்தேனே! அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஆயுத பூஜை.

முதலில் அந்த அமெரிக்கப் பண்டிகையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1620-ல் மேஃபிளவர் என்ற கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து போய் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அந்த மண்ணில் சோளம் பயிரிடச் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கேயே இருந்த வாம்பனோக் குடியினர். 1621 அறுவடைக்குப் பிறகு இரு தரப்பும் சேர்ந்து மூன்று நாள் விருந்து உண்டார்கள். வாம்பனோக்குகள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள் என்று அங்கிருந்த ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது.

அதை நாடு முழுவதற்குமான நாளாக வருஷா வருஷம் கொண்டாடத் தொடங்கியது 1863-ல். உள்நாட்டுப் போரின் நடுவில் ஆபிரகாம் லிங்கன் அறிவித்தார். அதற்காகப் பல வருஷம் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் சாரா ஹேல் என்ற பெண் பத்திரிகை ஆசிரியர். 1939-ல் ரூஸ்வெல்ட் நன்றி நாளை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்காரர்களுக்கு இன்னும் ஒரு வாரம் வியாபாரம் கிடைக்கட்டும் என்பதுதான் காரணம். பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை, ஒரே குழப்பம். கடைசியில் 1941-ல் சட்டம் போட்டு நவம்பர் நான்காவது வியாழன் என்று நிறுத்தினார்கள்.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. விருந்துக்கு மான் கொண்டுவந்த குடியினரின் நிலம் பிறகு அவர்களிடம் நிலைக்கவில்லை. 1970-லிருந்து அந்தப் பழங்குடியினரில் ஒரு பகுதியினர் அதே பிளிமத்தில் அதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். நன்றி சொல்லும் பந்தியிலேயே இலை போடப்படாத ஆட்கள்! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. படைக்கலத்தை அலங்கரித்து வைப்பது சங்க காலத்திலேயே உண்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி அரண்மனையில் இருந்ததை ஔவையார் பார்த்த செய்தி புறநானூற்றில் வருகிறது. அதியமானின் வேல்களோ போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடந்தன என்று ஔவை சேர்த்துச் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்.

விஜயநகரத்தில் இது நாட்டு விழாவாக நடந்தது. 1443-ல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கும், 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸும் மகாநவமியைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். குதிரைக்கும் யானைக்கும் பூச்சூட்டி வழிபட்டதையும், கடைசியில் அரசர் படை அணிவகுப்பைப் பார்வையிட்டதையும் பயஸ் விவரமாகச் சொல்கிறார். ஹம்பிக்குப் போனவர்கள் மகாநவமி திப்பா என்ற பெரிய கல்மேடையைப் பார்த்திருப்பீர்கள். விஜயநகரம் விழுந்த பிறகு அந்த விழா அழியவில்லை. 1610-ல் ராஜா உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசராவைத் தொடங்கினார். இங்கே இராமநாதபுரத்தில் சேதுபதிகள் ராஜராஜேஸ்வரி சன்னதியில் நவராத்திரியைப் பெருவிழாவாக நடத்தினார்கள்.

ராஜாவின் வாள் போய், தொழிலாளியின் சுத்தியலும் ஸ்பேனரும் பூஜையில் ஏறியது ஆலைகள் வந்த பிறகு. சென்னையில் பெரிய ஆலை என்றால் பெரம்பூர்ப் பக்கத்து பின்னிதான். பக்கிங்காம் மில் 1876, கர்நாடிக் மில் 1881. பல ஊர்களிலிருந்து, பல சாதிகளிலிருந்து, பல மதங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சங்குச் சத்தத்துக்கு ஓடி வந்து ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். ஊரில் மாட்டின் கொம்புக்கு வண்ணம் பூசியவனுக்கு இங்கே மாடு ஏது? அவனுக்குச் சோறு போட்டது தறியும் லேத்தும்தான். அதற்குப் பொட்டு வைத்தான்.

அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. எல்லோரும் பாடுபட்டார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். மதியம் சாப்பிட இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்பது அவர்களுடைய ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. சோறு தின்ன நேரம் கேட்டுத்தான் சங்கமே தொடங்கியிருக்கிறது!

பிறகு சட்டங்கள் வந்தன. 1958-ல் நம் மாநிலத்தில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. பண்டிகைக்கென்று வருஷத்தில் ஐந்து நாள் சம்பளத்தோடு விடுமுறை. பெரும்பாலான பட்டறைகளில் ஆயுத பூஜை அந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். அதனால்தான் பூஜையை முதல் நாள் மாலையே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் முதலில் 4 விழுக்காடு, பின்னர் 8.33 ஆனது. வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், தகுதி உண்டு. ரயில்வேயில் 1979-80-லிருந்து உற்பத்தி போனஸ் கொடுக்க ஆரம்பித்து, அதைத் தசராவுக்கு முன்பே பட்டுவாடா செய்வது வழக்கமாயிற்று. முதலாளியின் தயவாக இருந்த பண்டிகைக் காசு தொழிலாளியின் உரிமை ஆனது இப்படித்தான்.

அரசு அலுவலகங்களில் கதை வேறு. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது அலுவலகங்களில் உள்ள கடவுள் படங்களை எடுத்துவிடச் சொல்லி ஆணை வந்தது. ஆனாலும் பூஜை நின்றுவிடவில்லை. பின்னாளில் அரசு அலுவலகங்களில் ஆயுத பூஜை கூடாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒருவர் வழக்குப் போட்டார். தான் செய்யும் வேலைக்கும் கருவிக்கும் மரியாதை காட்டுவது அது என்ற கருத்தில் அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. சரியா தவறா என்று வாதாடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என் பட்டறையில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது கிண்டித் தொழிற்பேட்டையில். 1958-ல் தொடங்கிய பேட்டை அது. எங்களுடையது சின்னக் கம்பெனி. லேத், ஷேப்பர், டிரில்லிங் மிஷின் என்று பத்துப் பன்னிரண்டு இயந்திரம்; மஸ்டர் ரோலில் 43 பேர். எனக்கு டைம் ஆபீஸில் குமாஸ்தா வேலை.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானத்துக்கு மேல் உற்பத்தி கிடையாது. மண்ணெண்ணெயில் காட்டன் வேஸ்ட்டை நனைத்து இயந்திரங்களைத் துடைப்பார்கள். வருஷம் பூரா பிசுக்கேறிக் கிடந்த லேத்தின் அடியில் பச்சை பெயின்ட் தெரியும். சந்தனம், குங்குமம், மாவிலைத் தோரணம், வாழைக்கன்று. சிவப்புத் துணி விரித்து வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் எல்லாம் அடுக்குவோம். பக்கத்தில் என் கணக்குப் புத்தகமும் மஸ்டர் ரோலும் இருக்கும். விஜயதசமி வரை அதைத் தொடக் கூடாது. எனக்கு அதுதான் நிஜமான விடுமுறை.

வெல்டர் ஒருவர் முஸ்லிம். கற்பூரம் காட்டும்போது பின்னால் தள்ளி நிற்பார். ஆனால் அவருடைய வெல்டிங் செட் மற்ற எதையும் விடப் பளபளப்பாக இருக்கும். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சுண்டல் எல்லாம் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு எடுத்துப் போவார். அவர் வீட்டு ரம்ஜான் பிரியாணி எங்களுக்கு வரும். டர்னர் ஒருவர் கிறிஸ்தவர். தோரணம் கட்டுவது எப்போதும் அவர்தான், உயரமான ஆள். முதலாளி அன்றைக்கு எங்களோடு தரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவார். மறுபடி அடுத்த வருஷம்தான் அப்படி உட்காருவார்.

பூசணிக்காய் உடைப்பது மட்டும் ஒருவருடைய வேலை. ஐம்பது வயது இருக்கும். காண்டிராக்ட் ஆள். இரும்புச் சுருள் அள்ளுவது, லாரியில் சரக்கு ஏற்றுவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் அவர். எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். பூசணிக்காயில் குங்குமத்தையும் சில்லறையையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்று சுற்றி, வாசலில் ஒரே போடாகப் போட்டு உடைப்பார். அப்படி உடைக்க வேறு யாருக்கும் வராது. உடைத்த கையோடு, பைக்கில் வருகிறவன் வழுக்கி விழக் கூடாது என்று துண்டுகளையெல்லாம் ஓரமாகக் கூட்டித் தள்ளுவார்.

1980-களின் நடுவில் ஒரு வருஷம் நல்ல லாபம். முதலாளி சந்தோஷமாக ஆளுக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸும் ஓர் எவர்சில்வர் தூக்குவாளியும் கொடுக்கச் சொன்னார். பட்டியல் போட்டது நான். ஸ்டோரிலிருந்து வாளிகளை எல்லாம் தூக்கிவந்து மேஜையில் அடுக்கியது அண்ணே. நான் பெயர் வாசிக்க, ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். 43 பெயர். மேஜை காலியாயிற்று.

அண்ணே ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "தம்பி, நம்ம பேரு விட்டுப்போச்சா?" என்றார்.

"காண்டிராக்ட் ஆளுங்க இதுல வராதுண்ணே. உங்க காண்டிராக்டர் குடுப்பாரு."

"அவரா..." என்று சிரித்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் சொன்னது பொய் இல்லை. விதி அப்படித்தான் இருந்தது. அவருடைய பெயர் என் ரெஜிஸ்டர் எதிலும் கிடையாது. காண்டிராக்டர் சீட்டில் நான் தினமும் எழுதியது 'ஆள் 1' என்றுதான். லேத்துக்கு நம்பர் உண்டு, பொட்டு உண்டு, மாலை உண்டு. அவருக்கு எண்ணிக்கை மட்டும்தான். என் பொரிப் பொட்டலத்தையாவது அவர் கையில் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன். அடுத்த வருஷம் காண்டிராக்டர் மாறினார். அண்ணேயும் வரவில்லை. பூசணிக்காயை அந்த வருஷம் டர்னர் உடைத்தார், அது சரியாக உடையவில்லை.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது மகளைக் கேட்டேன். "நேத்து நீ யாருக்கு நன்றின்னு எழுதின?"

"வேலை கத்துக் குடுத்த லீடுக்கு ஒண்ணு. எங்க ஃப்ளோர் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு ஒண்ணு. நைட் ஷிஃப்ட்ல அவங்கதான்பா டீ கொண்டுவந்து குடுப்பாங்க."

"அந்த அம்மா உங்களோட உக்காந்து சாப்பிட்டாங்களா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லப்பா. வெளியில நின்னுட்டிருந்தாங்க. முடிஞ்சப்புறம் மிச்சம் இருந்ததை எடுத்துட்டுப் போகச் சொன்னோம். அவங்க வெண்டார் ஆளு, கழுத்துல போடற பட்டையே வேற கலரு."

"அவங்க பேரு என்ன?"

"அக்கான்னுதான்பா கூப்பிடுவோம்."

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாற்பது வருஷத்துக்கு முந்தைய தூக்குவாளிக் கதையை அப்போதுதான் முதல்முறையாக வீட்டில் சொன்னேன். என் மனைவி அந்த வாளி இன்னும் பரணில் இருக்கிறது என்றாள்.

நாங்கள் சுற்றிப்போகும் அந்தக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டியவர்கள் பசிக்காக மண் சுமந்த ஜனங்கள். பெயர் கிடைத்தது அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. மில்லுக்கும் அதே பெயர்தான். 2000 ஜூலை 4-ல் பிரதமர் வாஜ்பாய் தரமணியில் டைடல் பூங்காவைத் திறந்ததிலிருந்து அந்தச் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்களாக எழுந்துவிட்டன. ஒவ்வொரு மாடியிலும் வேறு நிறப் பட்டை போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். ஆக, தறியாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும் பூஜையில் குறை வைக்கவில்லை. ஆளை எண்ணும்போதுதான் குறை வைத்துவிடுகிறோம்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்கள் அலுவலகத்திலும் கணினித் திரைகளுக்கெல்லாம் பொட்டு வைத்தார்களாம். பூ கட்டிக் கொடுத்தது அந்த அக்காதான். சாயந்திரம் மகள் வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல், "பேரு கேட்டேன்பா" என்றாள். பொரிப் பொட்டலம் போடும்போது அந்த மாடியில் வேலை செய்யும் வெண்டார் ஆட்கள் ஆறு பேரின் பெயரையும் சேர்த்து எழுதி, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சுண்டல் சாப்பிட்டார்களாம். அந்த அம்மாவின் பெயரை என்னிடமும் சொன்னாள். அவரைக் கேட்காமல் இங்கே எழுதுவது முறையில்லை.

அன்றைக்கு இரவு பழைய ஞாபகத்தில் எங்கள் மஸ்டர் ரோலை மனதுக்குள் வாசித்துப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியும் 43-ல் முப்பது பெயருக்கு மேல் வரிசையாக வந்தது. நாற்பத்து நான்காவது பெயர் மட்டும் வரவில்லை. மறந்துபோனது அல்ல, நான் ஒருநாளும் கேட்கவே இல்லை.